எங்கம்மா எதையும் தூக்க மாட்டாள்

என் சோட்டுப் பெண்களே, எழுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் இன்றைக்கும் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்பேன். காகிதம் முகத்தைப் பார்க்காது. அதனால் எழுத வருகிறது.

போன மாதம் மருமகள் போனில் பார்த்து ஒரு சாமான் வரவழைத்தாள். தண்ணீர்க் கேனைச் சாய்க்கிற இரும்பு ஸ்டாண்டு. கேனை அதில் வைத்துவிட்டால் ஒரு விரலால் தள்ளினால் போதும், தண்ணீர் ஊற்றும். விரலை எடுத்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும். பேத்தி பத்துத் தடவை தள்ளிப் பார்த்தாள், வீடெல்லாம் தண்ணீர்.

"யாரு கண்டுபுடிச்சாங்களோ, என்னா மூளை பாருங்கத்தை" என்றாள் மருமகள்.

"ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டு நான் துணி மடிக்கப் போய்விட்டேன். எங்கம்மா அதைத் தேங்காய் நார்க் கயிற்றில் செய்தாள். அவளை யாரும் மூளைக்காரி என்று சொல்லவில்லை. சோம்பேறி என்றார்கள். இன்னும் ஒரு வார்த்தையும் சொன்னார்கள், அதைப் பின்னால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஒன்றரை. எட்டு வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் லைன் வீட்டில் மூன்றாவது எங்களுடையது. முன்னால் எட்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு. பின்னால் பனியன் துணி வெளுக்கிற சலவைப் பட்டறை. அதன் சிமெண்டுத் தொட்டிகளிலிருந்து வருகிற பிளீச்சிங் பவுடர் வாசத்தில்தான் நான் வளர்ந்தேன். காலையில் கண்ணைத் திறந்தால் கண் எரியும். சோற்றில்கூட அந்த வாசம் இருக்கும். வேறு ஊருக்குப் போனால்தான் சோற்றுக்குத் தனி வாசம் உண்டென்று தெரியும்.

அப்பா பஞ்சு அரைக்கிற மில்லில் மெஷினுக்குப் பெல்ட் மாட்டுகிற வேலை. மில்லில் வேண்டாமென்று கழித்துப் போடுகிற மரக்கட்டை உருளை, பெல்ட்டுத் துண்டு, கயிறு எல்லாவற்றையும் அடுப்பெரிக்கக் கொண்டுவருவார். அம்மா அதில் பாதியை அடுப்புக்குக் கொடுக்க மாட்டாள். முழங்காலில் தாடையை வைத்து உட்கார்ந்து குடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "ஏன், நீயா நகந்தா ஆகாதா?" என்று குடத்தைக் கேட்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

அப்படித்தான் குடவண்டி வந்தது. ஒரு பலகை, கீழே நாலு மர உருளைகள், முன்னால் இழுக்க ஒரு கயிறு. குடம் சாயாமல் இருக்கப் பலகை நடுவில் சாக்குத் துணியைச் சுருட்டி ஆணியடித்திருந்தாள். வெறுங்குடத்தை வண்டியில் வைத்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போவாள். சின்ன டின்னில் இறைத்து இறைத்துக் குடத்தை நிரப்பி, அப்படியே வீட்டு வாசல் வரைக்கும் இழுத்து வருவாள். கடகடவென்று அந்தச் சத்தம் வரும்போது எட்டு வீட்டு வாசலிலும் ஆள் நிற்கும்.

"குடத்துக்கே வண்டி கட்டிட்டயா! நாளைக்கு சோத்துக்கும் வண்டி கட்டுவயாக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"உங்க வாய் வரைக்கும் ரோடு போட்டுக் குடுங்க, கட்டிப்போடலாமுங்க" என்றாள் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

வீட்டுக்குள் உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்று வளையத்தில் ஒரு பெரிய குடம் தொங்கும். வாசலில் நிற்கிற குடத்திலிருந்து செம்பு செம்பாக அதில் ஊற்றி வைப்பாள். கழுத்தைப் புறங்கையால் தொட்டால் சாயும், கையை எடுத்தால் நிமிரும். ஊஞ்சக்குடம் என்று அதற்கு நான்தான் பெயர் வைத்தேன். ஆட்டாங்கல்லின் குழவியை எடுக்கவும் ஒரு ஏற்பாடு. குழவியில் கட்டிய கயிறு உத்தரத்தின்மேல் போய் அந்தப்பக்கம் ஒரு மணல் பையோடு இறங்கும். பையை லேசாக இழுத்தால் அத்தனை கனமான குழவி காக்கை இறகு மாதிரி எழும்பும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அதோடுதான் விளையாடுவேன்.

தம்பிக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். பெட்டிப் பலகையில் மூன்று படி வைத்த ஒரு சின்ன ஏணி. அம்மா சுவரில் சாய்ந்து முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். தம்பி ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து ஏறி அவள் மடியில் போய் விழுவான். ஏறி முடிந்ததும் கைதட்டுவான். ஒவ்வொரு படிக்கும் ஓரத்தில் பழைய பனியன் துணியைச் சுற்றித் தைத்திருந்தாள், முட்டி தேயாமல் இருக்க. தொட்டிலும் தரையிலிருந்து ஒரு சாண்தான். அதிலும் அவனே உருண்டு ஏறி உருண்டு இறங்குவான்.

இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. வண்டி, ஊஞ்சக்குடம், மணல் பை, ஏணி எல்லாமே ஒரே காரியத்துக்காகச் செய்தவை. அம்மா எதையும் தூக்க மாட்டாள். அன்றைக்கு அது யாருக்கும் ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. பதில்தான் எல்லாரிடமும் தயாராக இருந்தது.

மாரியம்மன் கோவிலுக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிய அந்தப் பங்குனியில், பல்லடத்திலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. நோம்பி முடிகிற வரைக்கும் இருப்பதாக வந்தவள். அவளுக்குக் குழந்தை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வாசலில் நின்ற தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், கை கால் கழுவக்கூட அவனை இறக்கவில்லை. அவன் அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் வீட்டைப் பார்த்ததே இல்லை. உத்தரத்தைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தான்.

மறுநாள் தம்பி ஏணியில் ஏறுவதை அத்தை பார்த்தாள். இரண்டாவது படியில் வழுக்கி அழுதான். அம்மா கையை நீட்டி, "வா சாமி, இன்னொரு படிதான், வா" என்றாள். எழுந்து தூக்கவில்லை.

அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள். "ஏன்டா, இவ இந்தப் புள்ளயத் தூக்கி நீ பாத்திருக்கறயா?"

அப்பா யோசித்தார். "அவ சுபாவமே அப்படித்தானுங்க்கா. மேலு வணங்காது."

"மேலு வணங்காதா? நாயி கூடக் குட்டியக் கவ்வித் தூக்கிட்டுப் போகுது. பெத்த புள்ளயத் தூக்காதவ என்ன தாயி?"

தூக்காத தாய். நான் பின்னால் எழுதுகிறேன் என்று சொன்ன வார்த்தை இதுதான். நோம்பி முடிவதற்குள் எட்டு வீட்டுக்கும் அது போய்விட்டது.

அம்மா அத்தையை நங்கை என்று கூப்பிடுவாள். "ஏனுங்க நங்கை, அவனே ஏறி வர்றானுங்க, நான் எதுக்குத் தூக்கோணும்?" என்று சிரிக்கப் பார்த்தாள். கிணற்றடியில் எடுபட்ட சிரிப்பு அத்தையிடம் எடுபடவில்லை.

"தூக்க மாட்டாதவளுக்குப் புள்ள எதுக்கு? நான் கொண்டுட்டுப் போயி வளத்திக்கறேன். எங்க ஊட்டுல தூக்கறதுக்கு ஆளிருக்குது" என்றாள் அத்தை.

அம்மாவின் முகம் வெளுத்தது. அக்கா பேச்சுக்கு எதிர்ப் பேச்சு அப்பாவுக்குப் பழக்கமில்லை.

அன்று சாயந்திரம் அத்தையே ஒரு வழி சொன்னாள். ஆண் குழந்தை பிறந்தால் பெற்றவள் அவன் பேருக்கு ஆற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்துக் கோவிலுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருஷ நோம்பிக்கு அம்மா எடுக்கவில்லை. ஏதோ சாக்குச் சொல்லிவிட்டாள். "இந்த நோம்பிக்கு நீ நெறகுடம் எடுத்துட்டு வா. நான் அப்பறம் வாயத் தொறக்கறதில்ல. புள்ள உன்ற புள்ள" என்றாள் அத்தை.

"எடுக்கறனுங்க" என்றாள் அம்மா.

நோம்பிக்கு உறவுக்காரர்கள் வருவார்கள், இந்தக் கோமாளித்தனத்தையெல்லாம் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அத்தை சொன்னதும், அப்பா கோடாலி எடுத்தார். வண்டி, ஏணி, உருளைகள் எல்லாம் விறகாயின. ஊஞ்சக்குடத்துக் கயிற்றையும் மணல் பையையும் அறுத்தெறிந்தார். மூலையில் அம்மா சேர்த்து வைத்திருந்த டியூப்புத் துண்டு, பெல்ட்டுத் துண்டெல்லாம் குப்பைக்குப் போயின. மில் எண்ணெய் ஊறிய கட்டைகள் நன்றாகப் பிடித்து எரிந்தன. தம்பி மட்டும் ஏணி இருந்த இடத்தில் வந்து நின்று காலை ஒருதரம் தூக்கி வைத்துப் பார்த்தான். கால் கீழே தரையில்தான் விழுந்தது.

இனி எழுத வேண்டியது என்னைப் பற்றி. இதற்குத்தான் இத்தனை வருஷம் பேனாவை எடுக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் விறகு அடுக்குக்குப் பின்னால், ஓர் ஆணியில், ஈரத் துணிக்கு அடியில் ஒரு வளையம் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலம். உள்ளே சைக்கிள் டியூப்பு, மேலே மெத்தென்ற பனியன் துணி. தையலை உள்பக்கமாகத் திருப்பி, நூல் முனைகூட வெளியே தெரியாமல் தைத்திருந்தது. தேன்மெழுகு தேய்த்து வழவழவென்று இருந்தது. அமுக்கினால் அமுங்கும். விட்டால் மறுபடி வட்டமாகும். அம்மா செய்ததிலேயே அவ்வளவு அழகான சாமானை நான் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னிடம் விளையாட்டுச் சாமானில் ஒரு சின்னச் செப்புக் குடம் உண்டு. தலையில் வைத்தால் நிற்காது என்று அம்மாவிடம் பல தடவை அழுதிருக்கிறேன். அதற்கான சும்மாடு இது, எனக்குத் தெரியாமல் செய்து ஒளித்து வைத்திருக்கிறாள், நோம்பியன்று கொடுக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நோம்பி வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் ஓடினேன். லைன் வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். வளையத்தைத் தலையில் வைத்து அதன்மேல் செப்புக்குடத்தை வைத்துத் தீர்த்தம் எடுத்து ஆடினேன். குடம் அசையவில்லை, அப்படிப் பொருந்தியது. அடுத்தவள் எனக்கு என்றாள். இன்னொருத்தி பிடுங்கினாள். வளையம் துள்ளிப் போய்ச் சலவைத் தொட்டியில் விழுந்தது. மஞ்சள் நுரைக்குள் போய்விட்டது. கை விட்டால் தோல் உரியும் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எல்லாரும் ஓடிவிட்டோம்.

அம்மா கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அன்று சாயந்திரம் எனக்குத் தலை வாரினாள். சிக்கெடுக்கிற கை நடுவில் இரண்டு தரம் நின்றது. எங்கே கேட்கிறாளோ என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். கேட்கவில்லை. பின்னி முடித்து, "போ கண்ணு" என்றாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தீர்த்தக்குடம். ஆற்றில் முழுகி, மஞ்சள் சேலையில், வேப்பிலை செருகிய பித்தளைக் குடத்தோடு இருபது முப்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். குடத்தை அத்தையே அம்மா தலையில் ஏற்றிவிட்டாள். பிறகு தம்பியைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பம்பை அடித்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வீசி நடந்தார்கள். அம்மா மட்டும் ஒரு காலோடு இன்னொரு காலை ஒட்டி ஒட்டி வைத்து நடந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பாரு சாமி, உங்கொம்மா உனக்குக் குடம் எடுத்துட்டுப் போறா" என்று அத்தை தம்பிக்குக் காட்டினாள். அவள் குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அத்தையைக் கெட்டவள் என்று எழுத எனக்குக் கை வராது. அவளுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவள் பேசினாள்.

அம்மா ஒரு சொட்டுச் சிந்தாமல் கோவில் வரைக்கும் கொண்டுபோனாள். குடத்தை வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தவள் அப்புறம் எழவில்லை. சேலை முழுவதும் ஈரம். அதனால் கீழே மண் சிவக்கிற வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

குதிரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கோயம்புத்தூர். என்ன நோவு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் காதில் விழுந்தது. பிறகு ஜன்னி கண்டு, பிழைக்க மாட்டாள் என்று ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்து வீட்டில் சாப்பிட்டேன். தம்பியை அத்தை பல்லடத்துக்குத் தூக்கிப் போனாள். "அவ எந்திரிச்சு வரட்டும், நானே கொண்டாந்து உட்டர்றேன்" என்று சொல்லித்தான் போனாள்.

அம்மா வீடு வந்து சேர ஐப்பசி ஆகிவிட்டது. வந்த மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு பல்லடத்துக்குப் பஸ் ஏறினாள். தம்பி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டி, "வா சாமி" என்றாள். அவன் பார்த்துவிட்டு அத்தையின் சேலைக்குப் பின்னால் போனான். அத்தை அவனைத் தூக்கிக்கொண்டாள். "இப்பத்தான் அழுகாம இருக்கறான். இன்னி ரெண்டு மாசம் போகட்டும். நீயும் இந்த ஒடம்ப வெச்சுட்டு எப்படித் தூக்குவே?" என்றாள்.

அம்மா சரிங்க என்றாள். இரண்டு மாதம் எத்தனையோ தடவை வந்து போனது. அவன் அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்தான், அங்கேயே கல்யாணம் முடித்தான். எங்கள் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு வருவான். அம்மாவை மாமி என்று கூப்பிட்டான், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். அம்மா அவனுக்குக் காபியை ஆற்றிக் கொடுப்பாள். அவன் போன பிறகு டம்ளரைக் கழுவ நேரமாகும். வேறொன்றும் செய்யத் தெரியாதவள் மாதிரி அதற்கப்புறம் அவள் எந்தச் சாமானையும் செய்யவில்லை. குடத்தை நான் தூக்கினேன்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். பனியன் கம்பெனியில் தைக்கிறவருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கைமடி வேலை. கட்டுக் கட்டாகத் தூக்க வேண்டும். மூன்றாவது பிரசவம் முடிந்து பதினெட்டாம் நாளே போய்விட்டேன். கொஞ்ச நாளில் உடம்பில் ஒரு கோளாறு. அடிவயிறு கீழே இறங்கி வருகிற மாதிரி. நின்றால் இழுக்கும், தூக்கினால் வெளியே வந்துவிடும். பெண்களே, உங்களுக்குப் புரிந்திருக்கும். இதற்கு மேல் எழுத எனக்குக் கை கூசுகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன்.

பரிசோதித்துவிட்டு நர்சம்மா ஒரு சாமானை என் கையில் வைத்தாள். "இத உள்ள வெச்சுக்கிட்டா கர்ப்பப்பை எறங்காது. எடுத்துக் கழுவி வெக்க நான் சொல்லித் தரேன், பயப்படாதீங்க" என்றாள்.

ரப்பர் வளையம். என் உள்ளங்கை அகலம். அமுக்கினேன், அமுங்கியது. விட்டேன், மறுபடி வட்டமானது.

நர்சம்மா என்னென்னவோ சொன்னாள். எதுவும் காதில் ஏறவில்லை. தம்பி பிறந்ததிலிருந்தே அம்மாவுக்கு இதுதான். ஒருத்தரும் சொல்லித் தராமல், ஒரு டாக்டரையும் பார்க்காமல், தனக்குத் தானே யோசித்து, சைக்கிள் டியூப்பில் இதைச் செய்திருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டிருந்தால் ஒருவேளை அந்தக் குடத்தைச் சுமந்திருப்பாள். அதை நான் தலையில் வைத்து ஆடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். தட்டைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து வளையத்தை அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உனக்குமா கண்ணு" என்றாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். விரலால் ஓரத்தை முழுக்கத் தடவினாள். அப்படி அவள் ஒரு சாமானைப் பார்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"பொருத்தே தெரீல பாரு. எனக்கு அந்தப் பொருத்துத்தான் உறுத்திட்டே கெடந்துச்சு. மூணு வாட்டி பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன்."

"அம்மா, அன்னிக்கு அத எடுத்தது நானுங்க."

"தெரியும் கண்ணு."

அம்மா வளையத்தை என் மடியில் வைத்தாள்.

"தலைல வெச்சுட்டு நீ ஆடுனயே, பொறவாசல்ல நின்னு பாத்தேன். உங்கத்தை எம் பக்கத்துலயே நின்னா. எடுத்துட்டு வான்னு நான் உன்னக் கூப்புட்டா, அது என்ன எதுக்குன்னு அவ கேப்பாளே. தொட்டீல உழுந்ததும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்பறமாச்சும் எங்கிட்டக் கேட்டிருக்கலாமுங்களே."

அம்மா தட்டைக்காய் முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த நாளு அவ கோயலுக்குப் போன நேரம் பாத்துப் போனேன். குச்சிய உட்டுத் துழாவிட்டிருந்தேன். பட்டறைக்காரர் வந்துட்டாரு. என்னங்கம்மா தேடறீங்கன்னாரு. தோடு உழுந்துருச்சுங்கன்னு சொன்னேன். பாவம் நல்ல மனுசன். தொட்டியத் தொறந்து உட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ளயே எறங்கிட்டாரு. எடுத்துட்டாரு கண்ணு. அதக் கையில தூக்கிப் புடிச்சுட்டு, தோட்டக் காணமுங்க, இதுதான் கெடக்குது, இது உங்குளுதுங்களான்னு கேட்டாரு."

அவள் கை காயை உரித்துக்கொண்டே இருந்தது.

"இல்லீங்கன்னு சொல்லிப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்."